ஒன்றை அழுத்தவும்

அந்த வீட்டில் பகலில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும் உரிமை ஒருத்திக்குத்தான் இருந்தது, மருமகளுக்கு. காலையில் தேநீர் டம்ளரோடு அந்தச் சின்ன அறைக்குள் போய் அவள் கதவைச் சாத்திவிட்டால், அதற்கப்புறம் மாமியார் மிக்ஸியைக்கூட ஓட்டமாட்டார். துணி தேய்க்கும் மேசை, மடிக்காத போர்வைகள், புருஷனின் பழைய ஸ்பேனர் பெட்டி எல்லாம் அடைந்து கிடந்த அறை. ஜன்னலோரம் ஒரு நாற்காலி, ஒரு மேசை. மேசையில் கம்பெனி கொடுத்த லேப்டாப். அதுதான் அவளுடைய ஆபீஸ்.

"உள்ள மருந்து பார்த்துக்கிட்டிருக்கா" என்பார் மாமியார், யாராவது வந்து கேட்டால்.

"உங்க மருமக டாக்டரா?" என்று மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவள் ஒருமுறை கேட்டாள்.

"டாக்டருக்கும் மேல. டாக்டரு மருந்து எழுதித்தான் குடுப்பாரு. இவ அது கெட்டுப்போகாமப் பார்த்துக்கறா."

அது முழுப்பொய் இல்லை. சர்க்கரை வியாதிக்காரர்களின் ஊசி மருந்தும் குழந்தைகளுக்கான தடுப்பூசிகளும் பெரிய குளிர் அறைகளில் அடுக்கிக் கிடக்கும். ஒவ்வோர் அறையிலும் வெப்பத்தை அளக்க ஒரு சின்னக் கருவி. சூடு எட்டு டிகிரியைத் தாண்டினால் கருவி கம்பெனியின் கணினிக்குச் சொல்லும். அந்த வாரம் யாருடைய முறையோ அவரைக் கணினி போனில் கூப்பிடும். அவர் லேப்டாப்பைத் திறந்து, எந்த ஊர், எந்த அறை என்று பார்த்து, அங்கே இருக்கும் கிடங்குக்காரரை எழுப்பிவிட வேண்டும். எட்டைத் தாண்டி மணிக்கணக்கில் கிடந்தால் அவ்வளவும் குப்பை. குப்பைக்குப் போனாலாவது பரவாயில்லை. தெரியாமல் ஒரு குழந்தைக்குப் போட்டுவிட்டால்? இந்த நினைப்பிலேயே அவளுக்கு ஒன்பது வருஷம் ஓடியிருந்தது. குழுவில் ஆறு பேர். ஆளுக்கு ஒரு வாரம். இந்த வாரம் அவள் முறை.

அன்றைக்குக் காலையிலேயே ஜன்னல் கம்பி சுட்டது. மின்விசிறி இருந்த அனலையே எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பரிமாறிக்கொண்டிருந்தது. மாமியார் ஃப்ரிட்ஜைத் திறந்துவைத்து, அதன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார்.

"அத்தை, கதவு!" என்றாள் அவள், அறைக்குள் போகும்போது.

"ஊர்ல இருக்கற கதவெல்லாம் உனக்குத்தான் கண்ணுல படும். போ, போய் உன் மருந்தைப் பாரு" என்று மாமியார் காலால் ஃப்ரிட்ஜைச் சாத்தினார். அவள் உள்ளே போனதும் மறுபடி திறந்துகொண்டார்.

மேனேஜரிடமிருந்து மீட்டிங் அழைப்பு வந்திருந்தது. மேனேஜருக்குக் குழு வைத்திருந்த பெயர் 'சுருக்கம்'. "சுருக்கமா சொல்லணும்னா" என்று அவர் ஆரம்பித்தால், எழுந்துபோய்த் தேநீர் போட்டு, ஆற்றி, குடித்துவிட்டு வரலாம். வந்து உட்காரும்போதும் அவர் அதே வாக்கியத்தில்தான் இருப்பார். அன்றைக்கு அவரோடு அவள் பார்த்தே இராத ஒரு பெண்ணும் திரையில் இருந்தாள். சுருக்கம் எங்கோ பார்த்து வாசித்தார். கண்கள் இடமிருந்து வலமாகப் போய்ப் போய்த் திரும்பின.

"உங்கள் பணி இன்றோடு முடிவுக்கு வருகிறது. இது உங்கள் திறமையைப் பற்றிய முடிவு அல்ல."

அடுத்து அந்தப் பெண் வாசித்தாள். பிரிவுத் தொகை வரும். ஆனால் வாடிக்கையாளர் எவரையும், அதாவது எந்த மருந்துக் கிடங்கையும், இனித் தொடர்புகொள்ளக் கூடாது, கம்பெனியைப் பற்றி அவர்களிடம் பேசக் கூடாது. மீறினால் தொகை நிறுத்தப்படும். "ஏதாவது கேட்கணுமா?"

ஆயிரம் கேட்டிருக்க வேண்டும். வாயில் வந்தது ஒன்றுதான். "சார், இந்த வாரம் என் முறையாச்சே?"

"அதெல்லாம் பார்த்துக்குவாங்க" என்றார் சுருக்கம். அவர் வாசிக்காமல் சொன்னது அது ஒன்றுதான். அவ்வளவு சுருக்கமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை.

திரை கறுத்துப்போனது. அவள் லேப்டாப்பின் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். வயரைப் பிடுங்கிச் செருகினாள். மறுபடி பொத்தானை அழுத்தினாள். ஆறிய தேநீரைக் குடித்தாள். பிறகு, ஏன் செய்கிறோம் என்று தெரியாமலே, புடவை முந்தானையால் விசைப்பலகையைத் துடைக்க ஆரம்பித்தாள். எழுத்து எழுத்தாக, இடுக்கு இடுக்காக. பக்கத்து வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பாத்திரத்தைத் துலக்குவதுபோல.

கதவைத் திறந்து வெளியே வந்தாள்.

"முடிஞ்சுதா மீட்டிங்கு? மிக்ஸி போடலாமா?" என்றார் மாமியார்.

"போடுங்க."

மாமியாரின் கத்தி நின்றது. இந்த நேரத்தில் இப்படி ஓர் அனுமதி வந்ததே கிடையாது. "ஏன், கரண்ட் போயிடுச்சா?"

"இல்லத்தை. வேலை போயிடுச்சு."

"எங்க?"

"எங்கன்னா? போயிடுச்சு. என்னை எடுத்துட்டாங்க."

"எடுத்துட்டாங்கன்னா? நீ இங்கதானே நிக்கறே?" மாமியார் அறைக்குள் எட்டிப் பார்த்தார். "இங்கயேதானே நான் உக்காந்திருக்கேன். ஒருத்தரும் உள்ள வரலியே. யாரு வந்து எடுத்தது?"

"யாரும் வர வேணாம்த்தை. அங்கேர்ந்தே எடுத்துடலாம்."

மாமியார் கத்தியைக் கீழே வைத்தார். அவர் இருபது வருஷம் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பெட்டி மடித்தவர். "எங்க கம்பெனிய மூடினப்போ முதலாளி ஸ்டூல் மேல ஏறி நின்னு சொன்னான். நாங்க அத்தனை பேரும் அவனைக் கிழிகிழின்னு கிழிச்சோம். ஒருத்தி செருப்பைக் கழட்டி வீசினா. அப்புறம் எல்லாரும் டீக்கடைக்குப் போய் அழுதோம், சிரிச்சோம். அந்தச் செருப்பு திரும்பக் கிடைக்கல, பாவம் ஒத்தைச் செருப்போட வீட்டுக்குப் போனா. திட்டறதுக்காவது எங்களுக்கு ஒரு மூஞ்சி இருந்துச்சு. உனக்கு என்னம்மா இது, இழவு வீட்டுல பொணமே இல்லாத மாதிரி?"

அவள் முந்தானை நுனியை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"அழுதுடும்மா. அழுதா லேசாகும்."

"அழுகை வரலத்தை. கைதான் சும்மா இருக்க மாட்டேங்குது."

"அப்ப இதைச் சீவு" என்று மாமியார் ஒரு கிழங்கை நீட்டினார். அவள் தரையில் உட்கார்ந்து சீவினாள். தோலோடு பாதிக் கிழங்கும் போனது. மாமியார் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார்.

அப்போதுதான் போன் அடித்தது.

அந்த மணிச்சத்தம் அந்த வீட்டுக்கே பழக்கம். சினிமா பார்க்கும்போது, சாப்பாட்டின் நடுவில், கல்யாண வீட்டுப் பந்தியில் என்று எங்கும் அடித்திருக்கிறது. அவள் கிழங்குக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். இயந்திரக் குரல் பேசியது. "மத்தியக் கிடங்கு. குளிர் அறை ஏழு. வெப்பம் எட்டு டிகிரியைத் தாண்டியது. பொறுப்பேற்க ஒன்றை அழுத்தவும்."

அவள் ஒன்றை அழுத்தினாள்.

அழுத்திவிட்டு எழுந்து, அறைக்குள் போய், நாற்காலியில் உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்தாள். கறுப்பு. அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை. விரல் அதன்பாட்டில் கடவுச்சொல்லைத் தட்டியது. கறுப்பிலேயே தட்டி முடித்தது. முடித்தபிறகுதான் உறைத்தது.

ஒன்றை அழுத்தியாயிற்று. அழுத்தாமல் விட்டிருந்தால் போன் அடுத்த ஆளுக்குப் போயிருக்கும், அவரும் எடுக்காவிட்டால் அதற்கடுத்த ஆளுக்கு. அழுத்திவிட்டால் கணினிக்குக் கவலை தீர்ந்தது. ஒருத்தி பொறுப்பேற்றுவிட்டாள் என்று வாயை மூடிக்கொள்ளும். அவள் லேப்டாப்பில் போய் விடுவிக்கிறவரைக்கும் வேறு யாரையும் கூப்பிடாது. ஏழாம் அறை இப்போது அவள் தலையில். அவளோ கம்பெனியிலேயே இல்லை.

கிடங்குக்காரரின் நம்பரும் லேப்டாப்பில்தான். அவர் பெயரைத் தொட்டால் போன் போகும். நம்பரை அவள் கண்ணால் கண்டதே இல்லை. கம்பெனி ஆட்கள் எல்லாரும் அப்படித்தான். சொந்த போனில் இருந்தது ஒரே ஒருவன். குழுவில் வயதில் சின்னவன், கடைக்குட்டி என்று கூப்பிடுவார்கள். எப்போதோ தன் தங்கச்சி கல்யாணத்துக்குக் கூப்பிட இவளிடம் நம்பர் வாங்கியிருந்தான்.

"அக்கா" என்றான் எடுத்தவுடனே. "உங்களுக்குமா?"

"உனக்குமா?"

"எனக்கும் கறுத்துடுச்சுக்கா. நம்ம ஆறு பேரும். சுருக்கத்தோட காலண்டர்ல பார்த்தேன், ஒவ்வொருத்தரா கூப்பிட்டு வாசிச்சிருக்காங்க. நான் பல்லு விளக்கிக்கிட்டே மீட்டிங்ல உக்காந்திருந்தேன். நுரையோட வேலையை விட்டு வந்த ஆளு நான் ஒருத்தன்தான் இருப்பேன்."

"டேய், இரு. ஏழாம் ரூம் அலாரம் எனக்கு வந்துச்சு."

"எப்படி வரும்? நம்மளைத்தான் எல்லாத்துலேர்ந்தும் தூக்கிட்டாங்களே."

"அலாரம் லிஸ்ட்டு வேறடா. அது நாமளே போட்டு வெச்சது."

"அட ஆமா." அவன் குரல் இறங்கிவிட்டது. "அப்படி ஒன்னு தனியா இருக்குன்னு தெரிஞ்சவங்களே நம்ம ஆறு பேருதான். அந்த ஆறு பேரையும்தான் அனுப்பிட்டாங்க. அக்கா... ஒன்னை அமுக்கினீங்களா?"

"அமுக்கிட்டேன்."

"ஐயோ அக்கா!"

"அமுக்கலைன்னா அடுத்து உனக்குத்தானே வந்திருக்கும்?"

"எனக்கு வந்திருந்தா நானும் அமுக்கியிருப்பேன்" என்றான் கடைக்குட்டி. இருவரும் சிரிப்புபோல ஏதோ ஒன்றைச் செய்தார்கள். "சுருக்கத்துக்குச் சொல்லுங்களேன்."

"நம்பர் இருக்கா உங்கிட்ட?"

"இல்ல."

கம்பெனியின் பொது நம்பரை இணையத்தில் தேடிப் பிடித்துக் கூப்பிட்டாள். வாடிக்கையாளர் எண்ணைச் சொல்லச் சொல்லி ஒரு குரல் கேட்டது. இல்லையென்றதும் நன்றி சொல்லி வைத்துவிட்டது. கிடங்கின் நம்பரைத் தேடினால் தலைமை அலுவலகம் வந்தது. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. பாட்டு முடிந்து, முதலிலிருந்து மறுபடி தொடங்கியது.

புருஷன் மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது வீடு இருந்த கோலம் இதுதான். போனில் பாட்டு ஓடுகிறது. பெண்டாட்டி நடுக்கூடத்தில் ஒற்றைக் காலில் செருப்போடு நிற்கிறாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு மசித்த கிழங்கை ரொட்டிக்கு நடுவில் வைத்து வைத்துப் பொட்டலம் கட்டுகிறார்.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்றான்.

மாமியாரே சொன்னார். "உன் பொண்டாட்டிய வேலையை விட்டு எடுத்துட்டாங்க. ஆனா வேலை அவளை விட மாட்டேங்குதாம்."

அவன் உட்கார்ந்துவிட்டான். லிப்ட் ரிப்பேர் பார்த்த கிரீஸ் கையில் அப்படியே இருந்தது. "எப்ப?"

"காலையில. ஏங்க, வேனை எடுங்க. நம்ம ஊர்லதான் அந்தக் கிடங்கு, சரக்கு ரயில் பாதைக்குப் பின்னாடி."

"இரு, இரு. உன்னை வேணாம்னு சொன்னவன் கிடங்குக்கு நீ எதுக்குப் போகணும்?"

"நான் ஒன்னை அமுக்கிட்டேங்க."

"அமுக்கினா?"

"என் பொறுப்புன்னு அர்த்தம்."

"உன் பொறுப்பு காலையிலயே முடிஞ்சுபோச்சு. அவன் பொருள் கெட்டா அவனுக்குத்தான் நஷ்டம். கெடட்டும், அப்பத்தான் புத்தி வரும்."

"அவன் பொருள் இல்லங்க அது. ஊசி மருந்து. வெளியில பார்த்தா கெட்டது தெரியாது. நிறம் மாறாது, நாத்தம் அடிக்காது. அப்படியே வண்டியில ஏத்தி அனுப்பிடுவாங்க. போட்டுக்கறவங்களுக்கு வேலை செய்யாது, அவ்வளவுதான்."

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அவங்க ஆளுங்ககிட்ட பேசினா பணம் தர மாட்டோம்னு வேற சொல்லியிருக்காங்க" என்றாள் அவள். மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"பார்த்தியா! அப்புறமும் போகணுமா?"

"டேய்" என்றார் மாமியார். "போன மழைக்கு நீ லீவு போட்டுட்டுப் படுத்திருந்தே. பழைய ஆஸ்பத்திரி லிப்ட்டுல ஆளு மாட்டிக்கிச்சுன்னு போன் வந்துச்சு. 'என் ட்யூட்டி இல்ல'ன்னு சொல்லிட்டு எங்க போனே, சட்டைய மாட்டிக்கிட்டு?"

"அது வேறம்மா. உள்ள ஆளு இருந்தாங்க."

"இதுலயும் ஆளு இருக்காங்க. இன்னும் மாட்டிக்கல. அவ்வளவுதான் வித்தியாசம். எந்திரி. நானும் வரேன், இந்த அடுப்புல நான் ஒருத்தி தனியா வேக முடியாது."

வேனின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். சீட்டு தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. தார் இளகி டயரோடு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. தெருவில் நாய்கூட இல்லை. பின்னால் கம்பிக்கயிறும் கப்பிகளும் குலுங்க, மாமியார் பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கொன்று திணித்தார்.

"வேணாம்த்தை."

"தின்னு. வெறும் வயித்துல சண்டை போட முடியாது."

அவள் மென்றாள். கிழங்கு, உப்பு, மிளகு. ருசி எதுவும் நாக்கில் ஏறவில்லை. புருஷன் ஓட்டிக்கொண்டே ஒருமுறை அவள் பக்கம் திரும்பி, "நீ ஏன் எனக்கு உடனே போன் பண்ணல?" என்றான். கோபமாக இல்லை.

"தெரியலைங்க. உங்களுக்குச் சொன்னா நெஜமாயிடும்னு தோணுச்சோ என்னவோ."

அவன் கியரை மாற்றி வேகத்தைக் கூட்டினான்.

உயரமான தகரச் சுவர், இரும்புக் கேட்டு, கேட்டுக்கு உள்ளே ஒரு கூண்டில் காவலாளி. ஒன்பது வருஷமாகத் திரையில் ஒரு பச்சைப் புள்ளியாக இருந்த இடம். இவ்வளவு பெரிதாக, இவ்வளவு தூசியாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"கார்டு?" என்றான் காவலாளி.

"கார்டு இல்லைங்க. ஏழாம் ரூம்ல சூடு ஏறுது. பொறுப்பாளர்கிட்ட ஒரு நிமிஷம் பேசணும்."

"கார்டு இல்லாம விட முடியாதும்மா. எந்தக் கம்பெனி?"

பழக்கத்தில் அவள் நாக்கு நுனிவரை வந்த பெயரை விழுங்க வேண்டியிருந்தது.

"எந்தக் கம்பெனியும் இல்ல" என்றார் மாமியார் வேனிலிருந்தே. "வீட்டுலேர்ந்து வரோம்."

"வீட்டுலேர்ந்து வந்து குளிர் ரூமைப் பார்க்கணுமா? வெயிலுக்கு இப்படித்தான் நேத்தும் ரெண்டு பேரு..."

"அண்ணே, நேரமாகுதுண்ணே!" அவள் கம்பியைப் பிடித்துக் கத்தினாள். கம்பி சுட்டது. விடவில்லை. "ஏழாம் ரூம்! கதவைப் பாருங்கன்னு சொல்லுங்க போதும்! ஏழாம் ரூம் கதவைப் பாருங்க!"

உள்ளே, சரக்கு மேடையின் நிழலில் மூட்டைத் தொழிலாளர்கள் நாலைந்து பேர் சாய்ந்து கிடந்தார்கள். அவர்களில் ஒருவன் தலையைத் தூக்கினான். "அண்ணே! கதவம்மா குரல்ண்ணே!"

தொப்பையும் கழுத்தில் துண்டுமாக ஒருவர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். கிடங்குக்காரர். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தார். "இன்னொரு தடவை சொல்லும்மா."

"அண்ணே, ஏழாம் ரூம் கதவைப் பாருங்க."

"அடக்கடவுளே, கதவம்மாவேதான்! கதவைப் பாரு, கதவைப் பாருன்னு இத்தனை வருஷமா ராத்திரியெல்லாம் எழுப்பிவிட்டது நீதானா? நான் நல்லா குண்டா, கண்ணாடி போட்ட ஒரு அம்மான்னு நெனச்சிருந்தேன்." அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. "ஆமா, ஏன் நேர்ல வந்திருக்கே? போன் ஒன்னும் வரலியே."

"வராதுண்ணே. ரூமைப் பாருங்க முதல்ல."

"போன் வரலைன்னா நல்லாயிருக்குன்னு அர்த்தம்மா. அதானே நம்ம கணக்கு?"

"திறங்கண்ணே!"

கேட்டு திறந்தது. நீளமான நடைபாதையில் ஒவ்வொரு கதவும் ஓர் ஆளைவிடப் பெரிதாக இருந்தது. ஏழின் பக்கத்துச் சுவரில் ஆணியில் ஒரு தடித்த குளிர்கோட்டு தொங்கியது. கிடங்குக்காரர் அதை விலக்கினார். அதற்கடியில் வெப்பமானி இருந்தது. அவர் அதைக் கடைசியாக எப்போது பார்த்தாரோ, தூசி படிந்திருந்தது. விரலால் துடைத்தார்.

பதினொன்று.

அவர் கதவின் பிடியை இழுத்தார். முகத்தில் குளிர் அடிக்கவில்லை. ஈரச்சுவரின் வாடையும் ஏதோ வயர் கருகிய நாற்றமும் வந்தன. உள்ளே குளிர்விசிறியின் சத்தம் இல்லை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம்தான். "மோட்டார் போயிடுச்சு" என்றான் புருஷன் மூக்கை உறிஞ்சி.

"நாலாம் ரூம்ல இடமிருக்கா?" என்றாள் அவள்.

"இருக்கு. ஆனா கைவண்டி ஒன்னுதான் ஓடுது."

"கை இருக்குல்ல" என்றார் மாமியார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் பெட்டியைத் தூக்கியவர் அவர்தான்.

தொழிலாளர்கள் வந்தார்கள். காவலாளியும் வந்தான். பெட்டிகள் கையிலிருந்து கைக்குப் போயின. புருஷனின் கிரீஸ் கைரேகை வெள்ளைப் பெட்டிகளில் விழுந்தது. "டேய், கையைத் துடை, மருந்துடா!" என்று அம்மா அதட்டினார். ஒருவன், "பாட்டி, இடுப்பு பத்திரம்" என்றான். "யாருடா பாட்டி? நான் இருபது வருஷம் அட்டைப்பெட்டியோட குடித்தனம் நடத்தினவ. நீ உன் இடுப்பைப் பாரு, பேண்ட் எறங்குது" என்றார் மாமியார். எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் ஒவ்வொரு பெட்டியாக மேலே எழுதியிருந்ததைப் படித்தபடி நகர்த்தினாள். எல்லாம் ஏதோ ஓர் ஊரின் ஏதோ ஒரு ஆஸ்பத்திரி. இந்தப் பெட்டிகளுக்கு எடை இருக்கும் என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது.

கடைசிப் பெட்டி போனதும் நாலாம் அறையைச் சாத்திவிட்டு மேடையில் வந்து உட்கார்ந்தார்கள். கிடங்குக்காரர் மெக்கானிக்குக்குச் சொல்லிவிட்டு, குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அலாரம் வந்த நேரத்தைச் சொல்லச் சொல்லி, தனக்குள் கணக்குப் போட்டார்.

"தப்பிச்சதும்மா. இன்னும் கொஞ்சம் போயிருந்தா எல்லாத்தையும் கொட்டியிருக்கணும். இல்ல, கொட்டணும்னு தெரியாமலே அனுப்பியிருப்பேன். சாயங்காலம் ரெண்டு வண்டி போகணும்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "நல்லவேளை. அந்தப் பக்கம் நீ இருக்கற வரைக்கும் எங்களுக்குக் கவலையில்ல."

புருஷன் அவளைப் பார்த்தான். பேசாமல் கிளம்பலாம் என்று அந்தப் பார்வை சொன்னது. மருந்து பிழைத்தது, வா, பணமும் பிழைக்கட்டும். அது தப்பான பார்வை என்று அவளால் சொல்ல முடியவில்லை. மேடையில் இருந்த தொழிலாளர்கள் மறுபடி சாய்ந்துவிட்டார்கள். நடைபாதையில் காவலாளி, பழக்கத்தில், அந்தக் குளிர்கோட்டை எடுத்து அதே ஆணியில் மாட்டினான். வெப்பமானி மறைந்தது.

"அண்ணே" என்றாள் அவள். "அந்தப் பக்கம் நான் இல்ல."

"லீவா?"

"காலையில அனுப்பிட்டாங்க. என்னை மட்டுமில்ல, ஆறு பேரையும்."

கிடங்குக்காரர் சிரிக்கலாமா என்று அவள் முகத்தைப் பார்த்தார். "அப்ப யாரு பார்க்கறாங்க?"

"யாரும் இல்ல."

"வேற ஆளு போட்டிருப்பாங்கம்மா. இவ்வளவு பெரிய கம்பெனி."

"போடுவாங்களா இருக்கும். எப்பன்னு தெரியாது. அதுவரைக்கும் உங்களுக்கு போன் வராது. வரலைன்னா நல்லாயிருக்குன்னு மட்டும் நெனைச்சுடாதீங்க."

"எத்தனை கிடங்கு இது மாதிரி?" புருஷன்தான் கேட்டான். அவனுக்கே இப்போதுதான் தோன்றியது.

"முன்னூத்திச் சொச்சம்."

போன் அடித்தது.

அவள் எடுத்தாள். இயந்திரக் குரல் சுற்றிலும் இருந்த எல்லாருக்கும் கேட்டது. "துறைமுகக் கிடங்கு. குளிர் அறை இரண்டு. வெப்பம் எட்டு டிகிரியைத் தாண்டியது. பொறுப்பேற்க ஒன்றை அழுத்தவும்."

துறைமுகம் ஒரு ராத்திரி ரயில் தூரம். விரல் ஒன்றின் மேல் போய் நின்றுவிட்டிருந்தது. அதை அவள் அனுப்பவில்லை; அதுவாகப் போயிருந்தது. மற்ற கையால் அந்த விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். குரல் மறுபடி சொன்னது. மறுபடி சொன்னது. நின்றது.

உடனே கடைக்குட்டியின் அழைப்பு. "அக்கா, துறைமுகம் எனக்கு வருதுக்கா! என்ன பண்ண? அமுக்கவா?"

"அமுக்காதே!"

"அமுக்கலைன்னா சுத்திக்கிட்டே இருக்கும்க்கா, ஆறு பேருக்கும்."

"சுத்தட்டும். சுத்தினாத்தான் ரூம் இன்னும் சூடா இருக்குன்னு நமக்குத் தெரியும். அமுக்கினா வாயை மூடிக்கும். மத்தவங்க நம்பரைத் தேடிப் பிடி, யாரும் அமுக்க வேணாம்னு சொல்லு." வைத்துவிட்டுத் திரும்பினாள். "அண்ணே, துறைமுகக் கிடங்குல யாரையாவது தெரியுமா?"

"தெரியுமாவா? அங்க இருக்கறவன் என் பழைய கூட்டாளி" என்றார் கிடங்குக்காரர். அவர் கை ஏற்கெனவே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்திருந்தது. ஸ்பீக்கரில் போட்டு நடுவில் பிடித்தார். மணி போனது. எடுத்தவரின் வாயில் சோறு இருந்தது. மெல்லும் சத்தம் கேட்டது.

"சொல்லுண்ணே, என்ன இந்த நேரத்துல?"

"டேய், உன் ரெண்டாம் ரூமைப் போய்ப் பாரு."

"ஏன்? போன் ஒன்னும் வரலியே?"

"வராது."

"வரலைன்னா நல்லாத்தான் இருக்கும். சாப்பிட்டுட்டுப் பார்க்கறேண்ணே."

"டேய், நான் சொல்றதைக் கேளு. இனிமே வரவே வராது. அந்தப் பக்கம் யாரும் இல்லடா."

காலையிலிருந்து அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமியாரிடம், கடைக்குட்டியிடம், புருஷனிடம், இவரிடம். யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல வாய் சொல்லியது. இப்போது வேறொருவர் வாயிலிருந்து புறப்பட்டு, அவள் முகம் பார்த்திராத ஒருவர் காதுக்கு அது போனபோதுதான் அவள் காதிலும் அது விழுந்தது. பக்கத்திலிருந்த காலிப் பெட்டியில் உட்கார்ந்தாள். மாமியார் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

துறைமுகத்தில் மெல்லும் சத்தம் நின்றிருந்தது.

"யாரும் இல்லன்னா?" என்றது அந்தக் குரல். "அப்ப நேத்து ராத்திரியெல்லாம்..."

"நேத்து இருந்தாங்க. இன்னிக்கு இல்ல. ஓடுடா!"

நாற்காலி தரையில் உரசியது. தட்டு கவிழ்ந்தது. பிறகு காலடிகள். சிமெண்டுத் தரையில் செருப்பு அடிக்க, மூச்சு இரைக்க, நீளமான ஏதோ ஒரு நடைபாதையில் ஒருவர் ஓடும் சத்தம் மேடை முழுக்கக் கேட்டது. சாய்ந்து கிடந்த தொழிலாளர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். இரும்புக் கதவின் பிடி இழுபடும் சத்தம்.

"அண்ணே" என்றது குரல். "உள்ள குளிரே இல்லண்ணே."

அவள் மடியில் கிடந்த போன் ஆறு பேரையும் சுற்றிவிட்டு வந்து மறுபடி அடிக்கத் தொடங்கியது.